வெர்சாய் அரண்மனைப் பெண்கள் உண்மையிலேயே ஏழைகளுக்குக் கொடுத்தார்களா?

லாச்சப்பல்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸுக்கு வந்து பதினொரு வருடமாகிறது. இப்போது அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். போன ஞாயிறு வெர்சாய் பார்க்கக் கூட்டிப்போனேன். அரண்மனை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்ததும், "இந்த வெயிலுக்குள்ள என்னால ஏலாது, நீ வேணுமெண்டா போய்ப் பார்" என்று சொல்லிவிட்டார். சரி, சும்மா நடப்போம் என்று அவென்யூ த பாரி வழியே அரண்மனைக்கு முதுகைக் காட்டி நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய தோட்டம். டிக்கெட் இல்லை. உள்ளே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு வயதான பிரெஞ்சு அம்மா இருந்தார். எங்கள் டப்பாவைப் பார்த்துச் சிரித்துப் பேச ஆரம்பித்தார். இது பதினாறாம் லூயியின் தங்கை எலிசபெத்தின் தோட்டமாம். இங்கே மாடு வளர்த்து, பாலை ஊர் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாளாம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மாவுக்குப் பெரிய திருப்தி. "அந்தப் பிள்ளைக்கு மோட்சம்தான்" என்றார்.

எனக்குத்தான் சமாதானமில்லை. தலையலங்காரத்தில் கப்பல் பொம்மை வைத்துக்கொண்டு சீட்டாடிய கூட்டம் என்றுதானே படித்திருக்கிறோம்? இந்தப் பால் கதை உண்மையா? ராணிகளும் இளவரசிகளும் காலையிலிருந்து இரவு வரை என்னதான் செய்தார்கள்? தர்மம் என்பதெல்லாம் ஊருக்குக் காட்டவா, இல்லை மனதோடு செய்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோடாபுட்டி

"ரொட்டி இல்லையா, கேக் சாப்பிடு" என்று சொன்ன குடும்பம்தானே? அவர்கள் பால் வேறு கொடுத்தார்களாக்கும். 😄

பிரெஞ்சு_டீச்சர்_புதுவை

சோடாபுட்டி, அந்தக் கேக்கை முதலில் குப்பையில் போடுங்கள். தத்துவவாதி ரூசோ தன் சுயசரிதையில் பெயர் சொல்லாமல், "ஒரு பெரிய இளவரசி" சொன்னதாக எழுதியது அது. அவர் அதை எழுதிய 1760களில், நீங்கள் நினைக்கும் மரி அந்துவானெத் (பின்னால் பதினாறாம் லூயியின் ராணி) வியன்னாவில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பெண். பிரான்ஸுக்கு வந்ததே 1770இல்தான். போதாக்குறைக்கு ரூசோ எழுதியது கேக்கும் இல்லை, பிரியோஷ் என்ற வெண்ணெய் ரொட்டி. முப்பத்தொரு வருடம் வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

தம்பி, உங்கள் அம்மா உட்கார்ந்த இடம் சரியான இடம். அரண்மனைக்குள் போயிருந்தால் கண்ணாடியும் தங்க முலாமும்தான் பார்த்திருப்பார். பால் கதை உண்மைதான். ஆனால் அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் மற்றவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவர்களுடைய அன்றாடம் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி மதாம் காம்பானிடமிருந்து வந்தது. பதினைந்து வயதில், 1768இல், பதினைந்தாம் லூயியின் மகள்களுக்குப் புத்தகம் வாசித்துக்காட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு மரி அந்துவானெத்தின் பணிப்பெண்களில் மூத்தவர். வயதான காலத்தில் எழுதியதால் கொஞ்சம் சர்க்கரை தடவித்தான் எழுதுவார், அதைக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆனால் உடை, கையுறை, கதவு இவற்றைப் பற்றி எழுதும்போது அவரை அப்படியே நம்பலாம். அது அவருடைய தொழில்.

ஒரு குளிர்காலக் காலை. ராணி உடை களைந்து உள்சட்டைக்காக நிற்கிறாள். காம்பான் சட்டையை விரித்துப் பிடித்திருக்கிறார். அப்போது ராணியின் தலைமைத் தோழி உள்ளே வருகிறார். சட்டை போட்டுவிடும் உரிமை அவருடையது, எனவே அவசரமாகக் கையுறையைக் கழற்றிச் சட்டையை வாங்குகிறார். கதவில் நகத்தால் சுரண்டும் சத்தம் (அங்கே கதவைத் தட்டக் கூடாது, சுரண்டத்தான் வேண்டும்). ஓர்லியான் சீமாட்டி. அவர் அரச ரத்தம் என்பதால் உரிமை இப்போது அவருக்கு. ஆனால் தோழி நேராக அவர் கையில் கொடுத்துவிட முடியாது. சட்டை காம்பானிடம் திரும்பி வந்து, அங்கிருந்து சீமாட்டியிடம் போகிறது. மறுபடியும் சுரண்டல். ராஜாவின் தம்பி மனைவி! சட்டை இன்னொரு கை மாறுகிறது. இத்தனை நேரமும் ராணி மார்பில் கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நிற்கிறாள். வந்தவர் நிலைமையைப் பார்த்துக் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவசரமாகப் போட்டுவிட, ராணியின் தலையலங்காரம் கலைந்துவிட்டது. ராணி சிரித்துச் சமாளித்தாளாம். ஆனால் "சே, என்ன தொல்லை இது" என்று பல்லுக்குள் முனகியது காம்பான் காதில் விழுந்திருக்கிறது.

ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு முறை ஜனவரியில் பிரான்ஸ் போயிருந்தபோது அந்தப் படுக்கையறைக் கட்டைவேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, அப்படியும் எனக்கு நடுக்கம். எல்லோரும் கட்டிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சட்டையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சட்டை எப்படியோ, தர்மமும் அப்படித்தான். பண்டிகை நாட்களில் அரண்மனைக் கோயிலில் ஒரு சீமாட்டி பையை ஏந்தி ஏழைகளுக்குக் காணிக்கை வசூலிப்பார். பெருமையான வேலைதான். ஆனால் 1703இல் லொரேன் வம்சத்துப் பெண்கள் நைசாக நழுவ ஆரம்பித்தார்கள். தாங்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேல் என்று காட்டுவதற்காக. அதைப் பார்த்த டியூக்குகளின் மனைவிமார், "அவர்கள் ஏந்தாத பையை நாங்கள் மட்டும் ஏன் ஏந்த வேண்டும்?" என்று ஒதுங்கினார்கள். பதினான்காம் லூயிக்குக் கடும் கோபம். பின்னணியில் தூண்டிவிட்டவர்களில் ஒருவரான சேன் சிமோன் பிரபு ராஜாவிடம் தனியாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் 1704 புத்தாண்டன்று ராஜா லொரேன் வம்சப் பெண் ஒருத்தியையே பை ஏந்த வைத்துப் பஞ்சாயத்தை முடித்தார். இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் இத்தனை பக்கம் எழுதிய சேன் சிமோன், பையில் எவ்வளவு விழுந்தது, அது எந்த ஏழைக்குப் போனது என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதைச் சண்டை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வெர்சாயில் அன்று ராஜா பதின்மூன்று ஏழைப் பையன்களின் காலைக் கழுவுவார், ராணி பதின்மூன்று ஏழைச் சிறுமிகளின் காலை. இடம், காவலர்களின் பெரிய கூடம். பிறகு சாப்பாட்டுத் தட்டுகளை இளவரசிகளும் சீமாட்டிகளும் வரிசையாக ஏந்தி வருவார்கள், ராணி தன் கையால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். வேடிக்கை என்னவென்றால், அழைத்து வருவதற்கு முன்பே அந்தக் கால்கள் நன்றாகத் தேய்த்துக் கழுவப்பட்டிருக்கும்! அழுக்கு வேறு யார் கையிலோ போய்விட்டது. நான் கிண்டல் செய்யவில்லை. வருடத்தில் ஒரு நாளாவது பிரான்ஸின் ராணி ஓர் ஏழைப் பிள்ளை முன்னால் குனிந்தாள் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அதுவும் நாட்காட்டியில் குறித்த வேலை.

இதற்கு வெளியே வந்தவர்களும் உண்டு. எலிசபெத்தின் பாட்டி மரி லெஸ்சின்ஸ்கா, பதினைந்தாம் லூயியின் ராணி, பத்துப் பிள்ளை பெற்றவர். கணவர் வேறு பெண்களிடம் போன பிறகு ஜபம், தையல், படம் வரைதல், மாலையில் நாலு நம்பகமான நண்பர்கள், தம்போலா மாதிரி கவன்யோல் என்று ஒரு விளையாட்டு என்று நாளை ஓட்டினார். சுவாரசியமில்லாத ராணி என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள். ஆனால் கைச்செலவுப் பணத்தில் பெரும்பகுதி தர்மத்துக்கே போனது. அரண்மனை ஊழியர்களின் பெண்கள் படிப்பதற்கு வெர்சாயில் ஒரு கன்னியர் மடம் கட்ட ஆரம்பித்து, 1768இல், அது முடியும் முன்பே இறந்துபோனார். மகள் அதேலாயித் முடித்துவைத்தார். தம்பி, அந்தக் கட்டடம் இன்றும் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கிறது, லிசே ஓஷ். அடுத்த முறை அதையும் பாருங்கள். எனக்குக் கேட்டால் கண்ணாடி மண்டபத்தைவிட அது மேல்.

அவருடைய மகள்கள்தான் காம்பானின் எஜமானிகள். அவர்கள் நாள் எப்படிப் போகும் தெரியுமா? மாலை ஆறு மணிக்கு ராஜா வேட்டை பூட்ஸைக் கழற்றும் நேரம், மகள்கள் போய் நிற்க வேண்டும். வீட்டு உடைக்கு மேலேயே தங்கப் பூவேலை செய்த பெரிய வளையப் பாவாடையைக் கட்டி, இடுப்பில் நீளமான வால்துணியை முடிந்து, உள்ளே இருக்கும் அலங்கோலம் தெரியாமல் கழுத்து வரை கறுப்புப் பட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தீவட்டிக்காரர்கள் முன்னே வர ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ராஜா ஆளுக்கொரு முத்தம் நெற்றியில். அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, முடிச்சுகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தையலை விட்ட இடத்தில் பிடிப்பார்கள். காம்பானும் புத்தகத்தை விட்ட வரியில் பிடிப்பார்.

அந்தப் பெண்களில் கடைசி மகள் லூயீஸ் 1770இல் சட்டென்று சேன் தெனி கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டார். காம்பான் பார்க்கப் போனபோது இளவரசி சலவைக் கட்டிலிருந்து வெளியே வந்தாராம். அன்றைக்குத் துணி வெளுக்கும் முறை அவருடையது. அக்கா விக்தோரிடம், "நீங்களும் போய்விடுவீர்களோ?" என்று காம்பான் கலங்கிக் கேட்டதற்கு, தான் படுத்திருந்த மெத்தை நாற்காலியைத் தொட்டு, "லூயீஸுக்கு இருந்த தைரியம் எனக்கு வராது. இந்த நாற்காலிதான் என்னைக் கெடுக்கிறது" என்றாராம். எனக்கு விக்தோரைத்தான் அதிகம் பிடிக்கும். இறைச்சி விலக்கும் தபசு காலத்தில் நீர்ப்பறவை சாப்பிடலாமா கூடாதா என்று ஒரு பிஷப்பையே கேட்டவர். அவர் சொன்ன சோதனை: வெந்த பறவையைக் குளிர்ந்த வெள்ளித் தட்டின் மேல் குத்திப் பிடி. வடிந்த சாறு கால் மணி நேரத்தில் உறைந்தால் அது இறைச்சி. உறையாமல் எண்ணெயாகவே நின்றால் கவலையில்லாமல் சாப்பிடு. உடனே சோதித்தார்கள், சாறு உறையவில்லை. விக்தோருக்கு ஒரே குஷி.

சரி, பாலுக்கு வருகிறேன். எலிசபெத் 1764இல் பிறந்தவள். மூன்று வயதாகும் முன்பே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். 1783இல் அண்ணன் அவளுக்கு மோன்த்ரேயில் அந்த வீட்டையும் தோட்டத்தையும் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: 25 வயது ஆகும்வரை இரவு அங்கே தங்கக் கூடாது. ஆகவே காலையில் பூசை முடித்து அங்கே வருவாள். தோழிகளோடு வாசிப்பு, தையல், குதிரை, கணக்குப் பாடம்கூட. எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், மாலையில் சேர்ந்து ஜபம் சொல்வார்கள், பிறகு அரண்மனைக்குத் திரும்புவார்கள். அங்கே மறுபடியும் சட்டை, கையுறை, சுரண்டல்.

மோன்த்ரேய் அப்போது ஒரு கிராமம். சுவிட்சர்லாந்திலிருந்து மாடுகள் வரவழைத்தாள். ஃப்ரிபூர்க் பக்கத்திலிருந்து ழாக் போசோன் என்ற மாட்டுக்காரரையும். பால் முதலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு, மிச்சம்தான் வீட்டுக்கு. பக்கத்திலேயே தாவரவியலாளரும் அரச மருத்துவருமான லெமோனியேவின் தோட்டம் இருந்தது. அவருடைய உதவியில் நோயாளிகளுக்கு மருந்தும் போனது. கொஞ்ச நாளில் ழாக் முகம் வாடிக் கிடந்ததைக் கவனித்து விசாரித்தால், ஊரில் மரி என்றொரு பெண்ணை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவளையும் வரவழைத்து, 1789இல் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தாள். இந்த ழாக்கைப் பற்றி ஒரு சீமாட்டி பாட்டுக் கட்டி, அது பாரிஸ் முழுக்கப் பரவியது. பெரிய இடத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தால் பாட்டு வராமல் இருக்குமா!

என் கணக்கில் இவள் வித்தியாசப்படுவது ஓர் இடத்தில்தான். ஒரு தோழிக்கு வரதட்சணைப் பணம் இல்லாமல் கல்யாணம் தட்டிப்போகும் நிலை. எலிசபெத் அண்ணனிடம் போய், தனக்கு வருடா வருடம் வரும் புத்தாண்டுப் பரிசுப் பணத்தை ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிட்டாள். அடுத்த ஐந்து புத்தாண்டுக்கும் அவள் கை காலி. தட்டு ஏந்தி வந்த சீமாட்டிகளில் எத்தனை பேருக்கு அப்படி ஏதாவது குறைந்தது?

கணக்குப்பிள்ளை

டீச்சரம்மா சுவையாக எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வருடப் பரிசுப் பணம் எங்கிருந்து வந்தது? வரி கட்டிய குடியானவனிடமிருந்து. பிரபுக்களுக்குத் தாய் வரி கிடையாது, உப்பு வரி குடியானவன் தலையில். அவனிடம் நூறு எடுத்து அவன் பிள்ளைக்கு ஒரு செம்பு பால். அந்தத் தோழியும் ஏழையா என்ன? சீமாட்டிதானே!

பிரெஞ்சு_டீச்சர்_புதுவை

கணக்குப்பிள்ளை, கையைக் கொடுங்கள். "தாய்" என்று நீங்கள் எழுதியது நிலவரி, பிரெஞ்சில் "தாய்" என்றுதான் ஒலிக்கும். மற்றவர்கள் அம்மா என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

யார் ஏழை என்பதுதான் அங்கே பெரிய வேடிக்கை. பதினான்காம் லூயியின் இரண்டாம் மனைவி மேந்தனோன் அம்மையார் 1686இல் சேன் சீர் என்ற இடத்தில் 250 ஏழைப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கவைத்தார். சாப்பாடு, உடை, படிப்பு இலவசம், இருபது வயதில் போகும்போது 3,000 லிவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) வரதட்சணை. வயதுப்படி சிவப்பு, பச்சை, மஞ்சள், நீல ரிப்பன். அருமையான பள்ளி, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சேர வேண்டுமென்றால் தகப்பன் வழியில் நாலு தலைமுறை பிரபு வம்சம் என்று காகிதம் காட்ட வேண்டும். மாட்டுக்காரர் மகளுக்கு அங்கே இடமில்லை. மேந்தனோன் தானே பிரபுக் குலத்தில் பிறந்து வறுமையில் வளர்ந்தவர். தான் பட்ட பசி மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் பணக் கணக்கில் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். 1788 கணக்குப்படி அரசவைச் செலவு மொத்தத்தில் சுமார் 6 சதவீதம். பாதிப் பணம் கடனுக்கே போனது, அந்தக் கடனில் பெரும்பங்கு போர்களால் வந்தது. இளவரசிகள் எல்லாம் பட்டினி கிடந்திருந்தாலும் கஜானா நிரம்பியிருக்காது.

உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல ஆயுதம் ஒன்று என்னிடம் இருக்கிறது, நானே தருகிறேன். அந்த மோன்த்ரேய் வீடு எலிசபெத்துக்கு எப்படிக் கிடைத்தது? அதற்கு முன் அது கெமெனே சீமாட்டியின் வீடு, ராஜாவின் பிள்ளைகளுக்கு வளர்ப்புத் தாய் பொறுப்பில் இருந்தவர். அவருடைய கணவர் 1782இல் திவாலானார், 33 மில்லியன் லிவ்ர் என்பார்கள். கோடீசுவரன் போனால் போகட்டும். ஆனால் அவரிடம் வட்டிக்குப் பணம் போட்டவர்களில் சின்ன ஆட்கள் நிறைய, வேலைக்காரர்களும் சிறு கடைக்காரர்களும். சீட்டுக் கம்பெனி ஓடிப்போன அன்று அதன் வாசலில் நிற்கும் கூட்டத்தை நம் ஊரில் பார்த்திருப்பீர்களே, அதே கூட்டம். என் சித்தியும் ஒரு தடவை அப்படி நின்றிருக்கிறார், அதனால் இந்தத் திவால் கதையை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடிவதில்லை. அந்தக் கவிழ்ப்பில் கைமாறிய தோட்டத்தில்தான் பால் கறந்தது.

இன்னொன்று. எலிசபெத்துக்கு 25 வயது நிறைந்தது 1789 மே 3. இனி மோன்த்ரேயில் படுத்துத் தூங்கலாம். மே 5 அன்று அதே வெர்சாயில் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று வகுப்பாரின் பேரவை கூடியது. அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் நடந்து வந்தார்கள். வந்தது அவென்யூ த பாரி வழியாகத்தான். தம்பி, நீங்கள் இடியப்பம் சாப்பிட்ட தோட்டத்துக்குப் பக்கத்திலேயே. எலிசபெத் அன்று அங்கேதான் இருந்தாள், தோட்டத்து மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் ஓடினாள். மறுநாள் குடும்பத்தையே பாரிஸுக்குக் கூட்டிப்போனபோது வண்டி மறுபடி அந்த வழியே போனது. அவள் சன்னலில் குனிந்து மரங்களைப் பார்த்தாளாம். "என்ன தங்கச்சி, மோன்த்ரேய்க்கு வணக்கம் சொல்கிறாயா?" என்று ராஜா கேட்டதாகவும், "இல்லை, விடைபெறுகிறேன்" என்று அவள் சொன்னதாகவும் கதை. 1794 மே 10 அன்று கில்லட்டின். முப்பது வயது முடிந்து ஒரு வாரம்.

ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவளைக் கொன்றுவிட்டார்களே என்று அழுபவர்களும் உண்டு, குடியானவன் காசுதானே என்று சிரிப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் வருவதில்லை. கதவுக்கு வெளியே அந்தப் பெண்கள் ஈரத்தில் நடந்துபோகிறார்கள், உள்ளே மாடு கட்டியிருக்கிறது. அந்த இடத்திலேயே என் புத்தி நின்றுவிடுகிறது.

சோடாபுட்டி

கேக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், டீச்சர். பிரியோஷும் வேண்டாம்.

லாச்சப்பல்_தம்பி

டீச்சர், நன்றி. நேற்று இரவு முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக்காட்டினேன். சட்டைக் கதைக்கு, "அந்தப் பிள்ளை தானே போட்டிருக்கலாமே, கை இல்லையா?" என்றார். கெமெனே திவால் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் குடும்பத்திலும் ஒரு சீட்டுக் கதை இருக்கிறது.

அம்மா தபசு காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடமாட்டார். அதனால் விக்தோரின் பறவைக்குத்தான் அதிக நேரம் சிரித்தார். சிரித்து முடித்து, "அந்தச் சாறு உறைஞ்சிருந்தா அந்தப் பறவையை ஆருக்குக் குடுத்திருப்பினம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த ஞாயிறு லிசே ஓஷ் பார்க்கப் போகிறோம். தோட்டத்துக்கும்தான். அந்தப் பிரெஞ்சு அம்மாவுக்கு என்று அம்மா இப்போதே அரிசி மா வறுத்துக்கொண்டிருக்கிறார்.